பாணன் பெற்ற கள்ளும் மீனும்

மேலை நாடுகளில் பியர் விழா என்பது பெரியதொரு பொதுவிழா. பவேரிய நாட்டுத் தலைநகராகிய மியூனிக்கில் 1810இல் இளவரசர் திருமணத்தையொட்டித் தொடங்கிய அக்டோபர் விழா அவற்றுள் பெயர் பெற்றது. அண்மை ஆண்டுகளில் இத்தகைய விழாக்களில் புதியதொரு முறை பரவியுள்ளது. பெருங்குவளையில் குடிப்பதற்கு மாறாக, சிறு கிண்ணங்களில் நான்கைந்து வகைப் பியரைச் சிறிதளவே ஊற்றித் தருகின்றனர். துறை அறிந்த ஒருவர் முன்னின்று, நிறத்தை நோக்கவும், மணத்தை முகரவும், ஒரு வாய் பருகி நாவில் நிறுத்தவும் சொல்லிக் கொடுக்கிறார். மென்மையானது முதலில் வரும்; கடுமையானது இறுதியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற உணவும் உடன் வைக்கப்படும். கொழுத்த இறைச்சிக்குக் கசப்பும் நுரையும் மிக்க பியர், சிப்பிக்குக் கறுத்த ஸ்டவுட், பவேரியாவின் வெள்ளைத் தொத்திறைச்சிக்குக் கோதுமைப் பியர் என்று பொருத்தம் கூறுவர்.

இவ்வழக்கம் கிழக்கு நாடுகளுக்கும் வந்துவிட்டது. கோலாலம்பூரில் 2017 அக்டோபரில் நடைபெறவிருந்த பியர் விழாவிற்கு மாநகர் மன்றம் இசைவு தரவில்லை. அதனையொட்டி நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. அவ்விவாதம் இங்கே ஆராயும் பொருளன்று. இவ்வகை விருந்தைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் தமிழ் படித்தோரிடையே எழும் ஒரு கேள்வியே இங்கு ஆராயத்தக்கது. வழி சொல்லி அழைத்துச் சென்று, இன்ன கள்ளுக்கு இன்ன கறி என்று கூறும் முறை பத்துப்பாட்டிலேயே உள்ளது அன்றோ என்பதே அக்கேள்வி.

இருவகைப் பிழை

உள்ளது உண்மையே. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிகாட்டும் வகையாகும். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன நிலத்தில் இன்னார் இன்ன உணவு தருவர் என்று கூறி வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது அது. அவ்வழியில் சோறும் ஊனும் வருவது போலவே கள்ளும் வருகிறது.

இதனைப் படிப்போர் இரு திறத்தார். ஒரு திறத்தார் மேடையில் நின்று, பியர் வடிக்கவும் சுவை பார்க்கவும் உலகுக்குக் கற்பித்தவன் தமிழனே என்று முழங்குவர். மெசபொத்தேமியரும் எகிப்தியரும் சங்க காலத்துக்கு நெடுநாள் முன்னரே வாற்கோதுமையிலிருந்து பியர் வடித்தனர் என்பதை இவர்கள் எண்ணுவதில்லை.

மற்றொரு திறத்தார் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர். கள் வரும் அடிகளை இவர்கள் விரைந்து தாண்டிச் செல்வர். இவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவ் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கள் என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. பாட்டனின் கூலியையும் பாட்டியின் கண்ணீரையும் நினைவூட்டும் சொல் அது. அச்சொல்லைப் பாடநூலின் பெருமைக்குரிய பக்கத்தில் வைத்து விளக்க ஆசிரியர் நாணுவது இயல்பே.

முழங்குவோரும் தாண்டுவோரும் வேறு வேறு திசையில் செல்வதாகத் தோன்றினாலும், இருவரும் செய்யும் பிழை ஒன்றே. கள் என்னும் சொல்லைக் கண்டதும் இருவரும் பாட்டைப் படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் புலவர் என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்தால், பெருமிதமும் வேண்டா, நாணமும் வேண்டா என்பது விளங்கும்.

எட்டு அடியில் ஓர் அடுகளம்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. 500 அடிகளைக் கொண்ட அப்பாட்டில், வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறும் விருந்து 275ஆம் அடி முதல் எட்டு அடிகளில் அமைந்துள்ளது. அவற்றுள் ஏழு அடிகள் கள் ஆக்கும் முறையைக் கூறுகின்றன. எஞ்சிய ஓர் அடியில் சுட்ட மீனும் பாணனின் தளர்வும் வந்து முடிகின்றன.

முறை இது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அக்கூழை அகன்ற வாயையுடைய பிழா என்னும் தட்டில் இட்டு நன்றாக ஆற்ற வேண்டும். ஆறிய பின்னர் நல்லடை என்பதைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் பச்சை வாடை நீங்கும்படி முற்றவிட வேண்டும். பின்னர் அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும்.

இங்கே நல்லடை என்னும் சொல்லே திறவுகோல். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை நல்ல முளையை இடித்துச் சேர்த்த அடை என்று கொள்வர். அவ்வுரை இல்லையெனில் அச்சொல் ஏதோ ஒரு பண்டத்தின் பெயராக நின்றுவிடும். உரை இருப்பதால் அறிவியல் துலங்குகிறது. அரிசியிலுள்ள மாப்பொருள் அப்படியே கள்ளாக மாறாது. முதலில் அது சர்க்கரையாக வேண்டும். முளைத்த தானியத்தில் உண்டாகும் நொதி என்னும் பொருள் அவ்வேலையைச் செய்கிறது. அதன் பின்னரே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைச் சாராயப் பொருளாக மாற்றுகிறது. வாற்கோதுமையை முளைக்கவிட்டு மால்ட் ஆக்கிப் பியர் வடிப்பதும் இந்நெறியே. தானியம் வேறு, கசப்புக்காக இக்காலத்தார் சேர்க்கும் ஹாப்ஸ் பூ இங்கே இல்லை, அடிப்படை நெறி ஒன்று. ஆகவே பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளைக் காட்டிலும் பியருக்கே இது நெருங்கிய உறவு உடையது.

ஆற்றிய பின்னரே அடையைக் கலக்க வேண்டும் என்பதும் அழகுக்காகச் சொன்னதன்று. கொதிக்கும் கூழில் முளைமாவைக் கலந்தால் நொதி கெடும், நுண்ணுயிரும் மாளும். வாய் குறுகிய கலத்தில் கூழ் ஆற நேரமாகும். அதனால்தான் பிழாவுக்கு விரிந்த வாய் என்னும் அடை கொடுத்தார். முற்றவைக்கும் சாடிக்கு வலிய வாய் என்னும் அடை கொடுத்தார். ஒரே எட்டடியில் இரு கலங்கள் வருகின்றன. இரண்டின் வாயும் வேறு வேறு. இரண்டும் அதனதன் தொழிலுக்கு ஏற்றவை. அடுகளத்தைக் கண்ணால் கண்ட புலவரே இவ்வாறு பாட இயலும்.

அந்த அடையின் தோற்றத்துக்குப் புலவர் கூறும் உவமை பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் புற்றாஞ்சோறு. கறையான் புற்றை வெட்டிப் பார்த்தவருக்கு இவ்வுவமை உடனே விளங்கும். துளை துளையாக, மெத்தென்று, தேனடை போன்று தோன்றும் அச்சோற்றின் புறத்தை, ஊறி உப்பிய முளையடையின் புறத்தோடு ஒப்பிடுகிறார். புற்றைக் கண்ட தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைக் காட்டிலும் இவ்வுவமை விரைவில் கைவரும்.

இம்முறையை மாணவருக்கு விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலாய் இல்லங்களில் செய்யும் தாப்பாய் என்னும் இனிய பண்டத்தை மலேசியப் பிள்ளைகள் அறிவர். பசையரிசியைச் சமைத்து, பரப்பி ஆறவைத்து, ராகி எனப்படும் மாவுருண்டையைப் பொடித்துத் தூவி, மூடி, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து எடுப்பர். இந்த ராகி நம் கேழ்வரகு அன்று; நுண்ணுயிர் கலந்த புளிப்பு மருந்து. ஆறவைத்தல், மருந்தைக் கலத்தல், இருநாள் காத்தல் என்னும் மூன்று படிகளும் உருத்திரங்கண்ணனார் சொன்ன வரிசையிலேயே வருகின்றன. சபா, சரவாக் மாநிலங்களின் பழங்குடி மக்கள் அரிசியிலிருந்து வடிக்கும் துவாக் முதலியனவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆகவே இது தமிழருக்கு மட்டும் உரிய தனிக் கண்டுபிடிப்பு என்று முழங்குதல் பொருந்தாது. அரிசி விளையும் நாடுகளின் பொதுச் செல்வத்தைத் தமிழ்ப் புலவர் ஒருவர் நுட்பமாகப் பதிவு செய்தார் என்பதே உண்மை. அப்பெருமையே போதும்.

பெயர்களே சுவை நூல்

இக்காலத்துச் சுவை வழிகாட்டிகள் பல சொற்களைப் படைத்துள்ளனர். சங்கத் தமிழில் அச்சொற்கள் குடிவகைகளின் பெயர்களிலேயே அடங்கியுள்ளன. பிழிந்து எடுத்தது பிழி. அரித்து எடுத்தது அரியல். அடியில் வண்டல் தங்கத் தெளிந்தது தேறல். மணம் மிக்கது நறவு, நறா. நெல்லால் ஆக்கியது தோப்பி. பெயரைக் கேட்டதும் ஆக்கிய முறையும் தன்மையும் தெரிகின்றன.

கடுமையைக் கூறவும் புலவர்கள் அறிந்திருந்தனர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் ஒரு தேறலின் வேகத்தைப் பாம்பின் சீற்றத்தோடு ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 392ஆம் பாட்டில் ஔவையார் நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதோடு ஒப்பிடுகிறார். இவை வெறும் புகழ்ச்சியல்ல. பாம்பும் தேளும் அஞ்சத்தக்கவை. சுவையைச் சொல்லும்போதே அச்சத்தையும் உடன் சொல்லிவிட்ட உவமைகள் இவை.

புதியதற்குப் புதியது, பழையதற்குப் பழையது

இனி, கள்ளுக்கும் கறிக்கும் உள்ள பொருத்தத்தை நோக்கலாம். பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் தருவது இருநாளில் விளைந்த இளங்கள். அதனோடு வருவது பச்சை மீனைச் சுட்ட சூடு. கள்ளும் புதியது, மீனும் புதியது.

சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக் கடற்கரையைக் காண்க. உறங்கும் ஒட்டகங்களைப் போல அலை கொணர்ந்து போட்ட மணமுள்ள மரக்கட்டைகளைக் கொண்டு தீ மூட்டுகின்றனர். அத்தீயில் நுளைமகள் வடித்தது நாட்பட்ட பழந்தேறல். பரதவர் அதனைத் தருகின்றனர். உடன் வருவதோ உலர்ந்த குழல்மீன் சூடு. இங்கே கள்ளும் பழையது. மீனும் பழையது, அதாவது உலர்த்தி வைத்தது. இரு பாட்டும் நெய்தல் மணம் கமழ்வன. இரண்டிலும் மீனும் கள்ளும் உண்டு. ஆயினும் ஒரு புலவரின் விருந்தை மற்றவரின் விருந்தோடு மாற்றி வைக்க இயலாது. இளங்கள்ளின் மென்மையை உப்பேறிய உலர்மீன் விழுங்கிவிடும். நாட்பட்ட தேறலின் கடுமையில் பச்சை மீனின் இன்சுவை மறைந்துவிடும்.

மூன்றாவது சான்றும் பெரும்பாணாற்றுப்படையிலேயே உள்ளது. பட்டினத்துப் பகுதியில், கள் அடும் மகளிர் கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது. அச்சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. அவற்றோடு திரியவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லின் மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வளர்த்த ஆண்பன்றியின் கொழுந்தடி பாணனுக்குக் கிடைக்கிறது. அதனோடு வரும் நறாவுக்குப் புலவர் தரும் அடைமொழி 'கூர்' என்பது. கொழுப்பை அறுக்கக் கூர்மை வேண்டும். இக்காலத்து வழிகாட்டி கொழுத்த இறைச்சிக்குக் கசப்பும் நுரையும் வேண்டும் என்று நெடிது விளக்குவதை, அப்புலவர் ஓர் அடைமொழியால் சொல்லிவிட்டார். அன்றியும், கலம் கழுவிய நீரும் வீணாகவில்லை. அதே நெல்லின் மாவு பன்றிக்கு உணவாயிற்று. கள்ளும் கறியும் ஒரே முற்றத்தில் பிறந்தவை என்பதைக் காட்டவே அந்தச் சேற்றையும் பாடினார் போலும்.

தளர்ந்தபோது

இதுவரை கூறியவை சுவை பற்றியவை. பாட்டின் உயிர் இதற்கு மேல் உள்ளது.

பெரும்பாணாற்றுப்படையின் வழிநடை முழுவதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. எயிற்றியர் புல்லரிசிச் சோறும் உலர்ந்த ஊனும் தருகின்றனர். வேட்டுவர் இருக்கையில் உடும்புக் கறியோடு சோறு கிடைக்கிறது. கோவலர் தினைச் சோற்றைப் பாலோடு தருகின்றனர். முல்லை நிலத்துச் சீறூரில் வரகுச் சோறும் அவரையும். மருத நிலத்து உழவர் மனையில் வெண்சோறும் கோழியும். ஆலைதோறும் கரும்பின் சாறு. அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் ஆக்கிய மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். இத்தனை விருந்துகளுக்கிடையே, வழியில் பாணனுக்குக் கள் கிடைக்கும் என்று புலவர் கூறும் இடங்கள் இரண்டே: வலைஞர் குடி ஒன்று, பட்டினம் மற்றொன்று. கோவலரிடம் பாலே உரியது. ஆலையில் சாறே உரியது. எந்நிலத்தில் எது விளைகிறதோ அதுவே விருந்து. கள்ளும் அவ்வரிசையில் தனக்குரிய இடத்தில் மட்டும் வந்து நிற்கிறது.

மேலும் நோக்குக. வலைஞர் விருந்தைக் கூறும் அடியில், வழிநடையால் தளர்ந்தபோது பெறுவீர்கள் என்பது புலவர் கருத்து. ஏழு அடிகள் ஆக்கியவரின் உழைப்புக்கு. பருகுவோனின் மயக்கத்துக்கு ஒரு சொல்லும் இல்லை. குடித்தவன் ஆடினான், பாடினான், தன்னை மறந்தான் என்று அங்கே எதுவும் வரவில்லை. விருந்தோம்புவாரின் கையைப் பார்க்கச் சொல்லும் பாட்டு அது. குடிப்பவனின் வாயைப் பார்க்கச் சொல்லும் பாட்டன்று.

குடித்து ஆடுவாரை அப்புலவர் அறியாதவரா? நன்கு அறிந்தவர். அதே பாட்டில், பகைவர் நிலத்துட் புகுந்து ஆனிரை கவர்ந்து, அதனைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்து, வீட்டில் அட்ட தோப்பியைப் பருகி, மன்றத்தில் விடையை அறுத்துத் தின்று, பறை முழங்கப் பகலிலேயே ஆடும் எயினரை அவர் காட்டுகிறார். ஆயினும் பாணனை அக்கூத்தில் சேர்க்கவில்லை. கண்டு செல்லும் காட்சியாகவே அது நிற்கிறது. கவர்ந்த பொருளுக்கு விலையாக வந்த கள் ஒன்று. தளர்ந்தவனுக்கு விருந்தாக வந்த கள் மற்றொன்று. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்து, இரண்டையும் பிரித்தும் வைத்த நுட்பம் எண்ணத்தக்கது.

மறுப்புக்கு விடை

சங்கப் பாட்டெல்லாம் இவ்வாறே அளவோடு நிற்கின்றனவா என்று கேட்கலாம். இல்லை. மலைபடுகடாத்தில் மலைநாட்டார் மூங்கிற் குழாயில் முற்றிய தேன் தேறலையும் நறவையும் குறைவின்றித் தருகின்றனர். மறுநாள் வைகறையில் கூத்தர் கூட்டம் பழைய மயக்கம் தீராமல் எழுகிறது. அம்மயக்கம் தீர, பலாக்கொட்டையும் பல்வகை ஊனும், புளியும் மோரும் சேர்ந்து மூங்கிலரிசிச் சோறும் வருகின்றன. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அரண்மனை மகளிர் பொற்கலத்தில் மீண்டும் மீண்டும் வார்க்கின்றனர். ஊன் தின்று தின்று, கொல்லை உழுத கொழுவைப் போலப் பொருநனின் பல் தேய்ந்துவிடுகிறது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனாரே, மீனும் ஊனும் பொரியும் ஓசை எழும் முற்றத்தில், கள் விற்பதை அறிவிக்கும் கொடி பறப்பதைப் பாடுகிறார். எனவே மிகுதியும் இருந்தது, விலையும் இருந்தது. அவற்றை மறைப்பது ஆய்வாகாது.

ஆயினும் மிகுதியைப் பாடிய இடத்தும் மிகுதியின் விளைவை மறைக்கவில்லை. மயக்கம் தீர்க்கும் சோற்றைப் பாடியவர், மயக்கம் ஒரு துன்பம் என்பதை ஒப்புக்கொண்டவரே. பின்வந்த தமிழ் இதனை இன்னும் கடுமையாக ஆராய்ந்தது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு 93ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அவர் விலக்கியது முழுமையாகவே. விருந்தாக வந்தால் பருகலாம் என்று அவர் கூறவில்லை. எனினும், பொருள் கொடுத்துத் தன் உணர்வை இழக்கும் நிலையை வாங்குதல் பேதைமை என்று ஒரு குறளில் அவர் கொடுத்த அடி, விலையின் மேல் விழுந்த அடி என்பது நோக்கத்தக்கது. மணிமேகலையில் நாகர் தலைவன் சாதுவனுக்குக் கள்ளும் ஊனும் விருந்தாக அளிக்கச் சொல்கிறான். சாதுவன் மறுத்து அறம் கூறுகிறான். கள்ளைப் பாடிய இலக்கியமும், கள்ளை மறுத்த இலக்கியமும் ஒரே மரபின் இரு கிளைகள். ஒன்றை வெட்டி மற்றொன்றை மட்டும் வளர்த்தால் மரம் சாய்ந்துவிடும்.

தோட்டத்துக் கள்ளுக்கடை

இப்பாட்டை மலேசியத் தமிழ் மாணவர் படிக்கும்போது எழும் தனித் துயரத்தையும் கருத வேண்டும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்புக்கு அண்மையிலேயே கள்ளுக்கடைகள் இருந்தன. உரிமம் பெற்று நடந்த கடைகள் அவை. தென்னங்கள் அங்கே விற்கப்பட்டது. மாலையில் வேலை முடிந்த உடம்போடும் கூலியோடும் தொழிலாளி அங்கே சென்றான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். கள்ளை எதிர்த்த இக்குரல் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த அறிவுரை அன்று. தொழிலாளர் தாமே எழுப்பிய குரல்.

பாணன் பெற்ற கள்ளையும் இக்கள்ளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெளிவாகும். பாணனுக்குத் தந்தவர் விருந்தோம்புவோர். தோட்டத்தில் தந்தவர் விற்போர். பாணனுக்கு வந்தது அந்த வீட்டார் தம் கையால் அட்டது; தோட்டத்தில் வந்தது கடையில் அளந்து ஊற்றியது. பாணனுக்குச் சுட்ட மீன் உடன் வந்தது. தோட்டத்தில் பல வேளை வெறும் வயிற்றில் கள் சென்றது. எல்லாவற்றினும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. பாணனுக்கு மறுநாள் நடக்க வழி இருந்தது. வழியின் முடிவில் ஒரு வள்ளல் இருந்தான். தோட்டத்துத் தொழிலாளிக்கு மறுநாளும் அதே மரநிரை. மாலையில் அதே கடை. தளர்ச்சி ஒன்றே இருவருக்கும் பொது. ஒருவன் தளர்ச்சியைத் தீர்க்க விருந்து வந்தது; மற்றவன் தளர்ச்சியை வைத்து வாணிகம் நடந்தது.

இவ்வேற்றுமையைக் காட்டாமல் சங்கக் கள்ளைப் பெருமையாகப் பேசுவது, தோட்டத்துத் தாய்மாரின் துயரத்தை இழிவு செய்வதாகும். சங்கக் கள்ளை மறைத்துவிடுவதும் நன்றன்று. பாட்டனின் வீழ்ச்சிக்குத் தமிழன் இயல்பே காரணம் என்னும் பழிச்சொல்லை மாணவன் நம்பிவிடுவான். பாட்டை முழுதும் படித்தவன் அவ்வாறு நம்பமாட்டான். பழக்கம் பழையது; ஆனால் பழக்கத்தைச் சுற்றி இருந்த வேலி பிடுங்கப்பட்டது என்பதை அவன் தானே காண்பான்.

இன்றைய பியர் விழாவின் சுவை அரங்கையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். அது அளவைக் குறைத்தது நன்று. வெறுங்குடியை விலக்கி உணவை உடன் சேர்த்தது நன்று. ஆக்கிய முறையை எடுத்துரைத்து, உழைப்பை மதிக்கக் கற்பிப்பதும் நன்று. ஆனால் அங்கே நுழைவுக் கட்டணம் செலுத்தியவன் விருந்தினன் ஆகான், வாடிக்கையாளன் ஆவான். வழிகாட்டி புகழும் பண்டம் விற்பனைக்கு உரியது. ஆற்றுப்படையின் வழிகாட்டியோ தான் பெற்றதைப் பிறரும் பெறட்டும் என்று சொன்ன வறியவன். அவனுக்கு அதில் ஊதியம் இல்லை. சுவைப் பொருத்தத்தை விழா கற்றுக்கொண்டது. விருந்தின் பொருத்தம் சீட்டு விற்கும் இடத்தில் கிடைப்பதன்று.

வகுப்பறையில்

ஆகவே தமிழாசிரியர் இவ்வடிகளைத் தாண்ட வேண்டுவதில்லை. மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கலாம். யார் தந்தார்? யாருக்குத் தந்தார்? எதனோடு தந்தார்? வலைஞர் விருந்துக்கும், ஆனிரை கவர்ந்த எயினர் கூத்துக்கும், பட்டினப்பாலையின் கொடி பறக்கும் கடைக்கும் இம்மூன்று வினாக்களையும் தனித்தனியே கேட்கச் செய்தால், மாணவரே வேறுபாட்டைக் கூறிவிடுவர். அதன் பின் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் விருந்தோம்பல் அதிகாரத்தையும் ஒருசேரப் படிக்கச் செய்யலாம். கள்ளை விலக்கிய வள்ளுவரும் விருந்தை விலக்கவில்லை என்பதை அவர்கள் காண்பர்.

மெர்லிமாவிலிருந்து மலாக்கா நகர் நோக்கிச் செல்லும் கடற்கரை வழியில் செர்க்காமும் உம்பாயும் உள்ளன. மீனைச் சுட்டுத் தரும் கடைகளுக்கு அவ்வூர்கள் பெயர் பெற்றவை. அவ்வழியே செல்லும் மாணவனுக்கு, உருத்திரங்கண்ணனார் பாடிய எட்டு அடிகளில் இறுதி அடியின் மணம் மூக்குக்கே எட்டும். முதல் ஏழு அடிகளைக் குடிக்காமலேயே கற்றுக்கொள்ளலாம். எட்டாம் அடியில் உள்ள சுட்ட மீனைத் தளர்ந்து வந்த ஒருவனோடு பகிர்ந்து உண்டால், அப்பாட்டு எதற்காகப் பாடப்பட்டதோ அது நிறைவேறிவிடும்.